சிநேகிதர் பேச்சு வீண் பேச்சா?

(வாலிபர்கள் நடத்தும் ஒரு படிப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் இன்ன விஷயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இப்படிப்பகத்து வாலிபர்கள் கட்டளையிடவில்லை. ஏதாவது பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆகையால், நீங்கள் தினந்தோறும் செய்து வருவதும், செய்வதற்காக வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு வாங்கிக் கொண்டிருப்பதுமான ஒரு காரியத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறோம். அதாவது, ஒரு கதை பிடித்திருக்கிறது, அல்லது ஒரு பாட்டுக்காரரைப் பிடித்திருக்கிறது, அல்லது ஒரு ஆட்டம் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்று சேருகின்ற ரசிகர்கள், கொஞ்ச நாளில் அந்தக் கதையையும் பாட்டையும் மூலையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டாயா? உங்கள் ஊரில் மழையா? வேலை கிடைத்ததா? குழந்தைக்கு ஜுரம் விட்டதா?" என்று ராத்திரி வெகுநேரம் வரை பேசிக் கொண்டிருக்கிறார்களே, அந்தப் பேச்சைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் "வெட்டிப் பேச்சு" என்பதாகும். இதனால் என்ன பிரயோஜனம், காசு வருமா, பரீட்சை தேறுமா, என்று கேட்கிறார்கள். தோழர்களே! இப்படிக் கேட்டவர்களில் நாமும் சேர்ந்திருந்தோம். அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். பிறருடைய தப்பை மேடையேறிச் சொல்லுகிறவன் தன்னுடைய தப்பையும் அதே மேடையில் சொல்லாவிட்டால் அவனுக்குப் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது.

நமது ஊரில், கூட்டம் என்று சொன்னால் முதல் ஆளாக வந்து பெஞ்சு தூக்கிப் போடுகிற ஒரு வாலிபர் இருந்தார். அவருக்குப் படக்கதைப் புத்தகங்களில் வெகு பிரியம். அதே பிரியமுள்ள பத்துப் பதினைந்து பேரோடு, பல ஊர்க்காரர்களோடு, செல்போனிலே எழுதிப் பேசிக் கொண்டிருப்பார். ஒருநாள் நாம் பிரசங்கம் செய்து கொண்டிருக்கும்போது அவர் அதைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும், நாலு பேருக்கு முன்னால், "ஏனப்பா, நாடு கெட்டுக் கிடக்கும்போது உனக்குப் பொம்மைப் புத்தகமும் வெட்டிப் பேச்சுமா?" என்று நாம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. பெஞ்சுகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டார். வாலிபர் தமது கொள்கைப்படி, புரோகிதமும் சடங்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடனே உறவினர்கள், சாஸ்திரப்படி நடக்காத பிணத்துக்குத் தோள் கொடுக்க மாட்டோம் என்று திண்ணையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். நமக்குச் சேதி எட்டியதே மறுநாள் பகலில்தான். நாமும் நமது தோழர்கள் மூன்று பேரும் ஓடினோம். அங்கே போய்ப் பார்த்தால், நாம் கண்டறியாத ஒன்பது பேர் பாடை கட்டிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். ஒருவர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலையிலிருந்து பழகினவர். ஒருவர் கறிக்கடைக்காரருடைய பிள்ளை. ஒரு அம்மாள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி. அவர் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் கஞ்சி வைத்துக் கொண்டிருந்தார். யார் எந்தத் தெரு, யார் எந்த ஜாதி என்று அங்கே ஒருவரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது லாரிக்காரரிடம் நாம் கேட்டோம். "உங்களுக்கு எப்படி ஐயா அவ்வளவு சீக்கிரத்தில் தெரிந்தது?" என்றோம். அவர் சொன்னார்: "அந்தப் பெரியவர் இருமல் எட்டு மாசமா எங்களுக்குத் தெரியுங்க. இன்னிக்கு ஜாஸ்தி, இன்னிக்குக் கம்மின்னு தம்பி தினம் எழுதுவாரு. சனிக்கிழமை ராத்திரி, அப்பா இருமவே இல்லைன்னு எழுதினாரு. அதுக்கு மேலே என்னங்க கேட்கிறது? பஸ் ஏறிட்டோம்."

தோழர்களே! எட்டு மாதமாக அந்த வாலிபர் நமது கூட்டங்களுக்கு வந்திருக்கிறார். அவரிடம் நாம் எத்தனையோ பெரிய பெரிய விஷயங்களைப் பேசியிருக்கிறோம். அவருடைய வீட்டில் ஒரு கிழவர் இருமிக் கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஏனென்றால் நாம் கேட்கவில்லை. நாம் வெட்டிப் பேச்சு என்று எதைச் சொன்னோமோ, அதிலேதான் அந்த இருமல் இருந்தது.

இந்த வெட்கத்தினால்தான் நாம் இந்த ரசிகர் கூட்டங்கள் எப்படி உண்டாயின என்று தேடிப் படிக்க ஆரம்பித்தோம். அதில் நெடிய சரித்திரமுள்ள ஒரு கூட்டம் விஞ்ஞானக் கற்பனைக் கதை படிக்கிறவர்களுடைய கூட்டமாகும். அதாவது சந்திரனுக்குப் போவது, வேற்று நட்சத்திரத்து ஜீவன்களைச் சந்திப்பது போன்ற கதைகளைப் படிக்கிறவர்கள். அந்தச் சங்கதியைச் சொல்லுகிறோம். அது அன்னிய தேசத்துச் சங்கதியானாலும் கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

அமெரிக்காவிலே 1926-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் "அமேசிங் ஸ்டோரிஸ்" என்று ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தார். வாசகர்கள் எழுதும் கடிதங்களை அதில் அச்சிட்டார்கள். கடிதத்தோடு எழுதியவருடைய முழு விலாசத்தையும் அச்சிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஆனால் அதனால் உண்டான பலன் அவர்கள் நினையாதது. எங்கோ ஒரு சிறு ஊரில், இந்தப் பைத்தியக்காரக் கதைகளைப் படிக்கிறாயே என்று வீட்டில் பரிகாசத்துக்கு ஆளாகித் தனியாய்க் கிடந்த ஒரு பையன், தன்னைப் போலவே இன்னொருவன் இன்ன ஊரில், இன்ன தெருவில் இருக்கிறான் என்று கண்டுகொண்டான். கடிதம் போட்டான். பதில் வந்தது. 1930-இல் கடிதம் எழுதுவோர் சங்கமொன்று "தி காமெட்" என்று தங்களுக்கென்றே ஒரு சிறு பத்திரிகை வெளியிட்டது. ரசிகர்களே நடத்திய பத்திரிகைகளுக்கு அதை முன்னோடி என்று சொல்லுவார்கள்.

1937-இல் டொனால்ட் வோல்ஹைம் என்பவர் வேறொரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் தாமே சில பக்கம் அச்சிட்டுப் பொதுவான ஒருவருக்கு அனுப்புவது; அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவது; மூன்று மாதம் கழித்து அடுத்த கட்டில் ஒருவருக்கொருவர் பதில் எழுதுவது. கதையைப் பற்றி எழுத ஆரம்பித்தவர்கள், நாளாக நாளாக வீடு மாற்றியதையும், வேலை போனதையும், பூனை குட்டி போட்டதையும் எழுதலானார்கள். மூன்று மாதத்திற்கொருமுறை நடக்கும் திண்ணைப் பேச்சு அது. திண்ணைதான் தபாலாபீசாக மாறியிருந்தது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறோம். அது அயர்லாந்து தேசத்தின் வடபாகத்திலுள்ள பெல்பாஸ்ட் நகரம். அங்கே ஜனங்கள் கத்தோலிக்கர் என்றும் புரொட்டஸ்டண்டுகள் என்றும் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கிறிஸ்துதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேறு. குடியிருக்கும் தெரு வேறு. ஒருவருடைய பெயரையும், தெருவையும், படித்த பள்ளிக்கூடத்தையும் கேட்டால் அவர் எந்தப் பக்கத்தவர் என்று ஊகித்துவிடுவார்கள். நமது ஊரில், "தம்பி எந்தத் தெரு?" என்று நயமாகக் கேட்கிறார்களே, அதே கேள்விதான் அங்கும். இரு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டுமென்றே அங்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது எப்போது தெரியுமா? 1981-ஆம் வருஷத்தில்தான்!

அப்படிப்பட்ட ஊரிலே, 1947-ஆம் வருஷத்தில், வால்ட் வில்லிஸ் என்ற சர்க்கார் உத்தியோகஸ்தரும், ஜேம்ஸ் ஒயிட் என்ற தையற்கம்பெனி ஊழியரும் சந்தித்தார்கள். வில்லிஸ் புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தவர். ஒயிட் கத்தோலிக்கர். ஒயிட்டுக்கு வைத்தியம் படிக்க ஆசை. குடும்பத்தில் பணமில்லாததால் தையல் வேலைக்குப் போனவர். இவர்களைச் சேர்த்து வைத்தது எந்தப் பாதிரியாருமல்ல, எந்த மகாநாட்டுத் தீர்மானமுமல்ல. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கதைப் பத்திரிகை பிடிக்கும் என்பதுதான். 1948-இல் "ஸ்லாண்ட்" என்ற ரசிகர் பத்திரிகை ஆரம்பித்தார்கள். "ஸ்லாண்ட்" என்றால் சாய்வு என்று அர்த்தம். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் கோர்த்து வில்லிஸ் அச்சடிப்பார். ஒயிட் படங்களைச் செதுக்கிக் கொடுப்பார். வில்லிஸினுடைய வீட்டுக்கு வேடிக்கையாகச் "சாய்ந்த வீடு" என்று பொருள்படும்படி பெயர் வைத்துக் கொண்டார்கள். பாப் ஷா முதலிய வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டுப் பரண் அறையிலே அட்டைத் துண்டுகளை மட்டையாக வைத்துக் கொண்டு பூப்பந்து மாதிரி ஒரு முரட்டு ஆட்டம் ஆடுவது, பிறகு டீ குடித்துக் கொண்டு பேசுவது, இதுதான் வேலை.

1952-இல் "ஹைபன்" என்ற இன்னொரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். "ஹைபன்" என்றால் இரண்டு சொற்களைச் சேர்க்கின்ற சிறு கோடு என்று அர்த்தம். அதிலே கதைகளைப் பற்றிய விசாரம் கொஞ்சம். ரசிகர்கள் தங்களைப் பற்றியே எழுதிக் கொண்டது அதிகம். அதன் பின்னட்டையில் என்ன அச்சிட்டார்கள் தெரியுமா? நண்பர்கள் கடிதத்திலும் பேச்சிலும் உதிர்த்த துண்டு வாக்கியங்களை, முன்னும் பின்னும் இல்லாமல் பொறுக்கி எடுத்து அச்சிட்டார்கள். நாம் வெட்டிப் பேச்சு என்று சொன்னோமே, அதையே அவர்கள் மை தடவிப் பிரசுரித்து, கடல் கடந்து அனுப்பினார்கள். அதற்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். வில்லிஸை நேரில் பார்க்க வேண்டுமென்று அமெரிக்காவிலிருந்த ரசிகர்கள் காசு வசூல் செய்து, 1952-இல் சிகாகோ நகரத்தில் நடந்த மகாநாட்டுக்கு அவரை வரவழைத்தார்கள். இந்த மாதிரி ஒருவரை இக்கரையிலிருந்து அக்கரைக்கு அனுப்ப 1953-இல் ஒரு நிரந்தர நிதியே ஏற்பட்டது. அந்த நிதி இன்றும் நடந்து வருகிறது. கோவிலுக்கு உண்டியல் வைக்கும் உலகத்தில், சிநேகிதன் முகத்தைப் பார்ப்பதற்காக உண்டியல் வைத்தவர்கள் இவர்கள்!

அந்தத் தையற்காரர் ஒயிட் என்ன செய்தார்? தாமே கதை எழுத ஆரம்பித்தார். 1957 முதல் ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆகாயத்தின் நடுவே 384 அடுக்குகள் கொண்ட ஆஸ்பத்திரி அது. எந்த உலகத்து ஜீவனாக இருந்தாலும், காலில்லாததாக இருந்தாலும், காற்றுக்குப் பதில் விஷத்தைச் சுவாசிப்பதாக இருந்தாலும், அங்கே வைத்தியம் உண்டு. வருகிற நோயாளியை, நீ யாருக்குப் பிறந்தாய், யாரைக் கும்பிடுகிறாய் என்று அங்கே கேட்பதில்லை. உன் உடம்பு எப்படிப்பட்டது, உனக்கு எந்தக் காற்று வேண்டும், என்ன ஆகாரம் வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். பணமில்லாமல் வைத்தியம் படிக்கக் கூடாமல் போன ஒரு மனிதர், மதத்தால் பிளந்து கிடந்த ஒரு நகரத்தில் தையல் வேலை செய்து கொண்டே இதை எழுதினார் என்பதை மட்டும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக் கொண்டால் போதும்.

இதைக் கேட்டுவிட்டு, "ஆகா! ரசிகர் கூட்டம் சேர்ந்தால் உலகம் திருந்திவிடும்" என்று யாராவது முடிவு கட்டினால், நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். பெல்பாஸ்ட் திருந்தவில்லை. 1960-களின் கடைசியில் அங்கே கலகம் மூண்டது. 1969 முதல் இரு பக்கத்துத் தெருக்களுக்கும் நடுவே சுவர்கள் எழும்பின. 1998-இல் ஒப்பந்தம் ஏற்படுவதற்குள் சுமார் 3,500 பேர் மாண்டார்கள். ஒரு பரண் அறையில் டீ குடித்த பத்துப் பேரால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் அந்தப் பத்துப் பேருக்குள் ஒரு சுவரும் எழும்பவில்லை. 1947-இல் சந்தித்த வில்லிஸும் ஒயிட்டும், ஒப்பந்தம் ஏற்பட்டதையும் பார்த்துவிட்டு, 1999-ஆம் வருஷத்தில் இருவருமே காலமானார்கள். சிநேகத்துக்கு வயது ஐம்பத்திரண்டு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. பிறப்பினால் சேராமல் பிரியத்தினால் சேர்ந்த கூட்டத்திலும் ஜாதி முளைக்கும். 1940-இல் வான் வோக்ட் என்பவர் "ஸ்லான்" என்று ஒரு கதை எழுதினார். சாதாரண மனிதரைவிட அறிவில் உயர்ந்து, அதனாலேயே துன்புறுத்தப்படும் ஒரு இனத்தாரைப் பற்றிய கதை. உடனே ரசிகர்களில் சிலர், "நாம்தான் அந்த உயர்ந்த இனம்" என்று சொல்லிக் கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பார்த்தீர்களா! கதைப் புத்தகம் படித்ததற்காகவே ஒரு பூணூல்! முகத்தில் பிறந்தேன் என்று ஒருவன் சொல்லுவதற்கும், மூளையில் பிறந்தேன் என்று இன்னொருவன் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது?

அதற்கு முந்திய வருஷம், 1939 ஜூலையில், நியூயார்க் நகரத்தில் இந்த ரசிகர்களுடைய முதல் உலக மகாநாடு நடந்தது. சுமார் 200 பேர் வந்தார்கள். ஆனால் கலகம் செய்வார்கள் என்று சொல்லி ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆறு பேரில் நாம் முன்னே சொன்ன வோல்ஹைமும் ஒருவர்! தனியாய்க் கிடந்தவர்களுக்குப் பேச்சுத் துணை ஏற்படுத்திக் கொடுத்தவருக்கே கதவு சாத்தப்பட்டது.

இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. 1950-களில் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பு இனத்து ரசிகர் ஒருவர் கடிதங்களும் வேடிக்கைக் கட்டுரைகளும் எழுதிப் பேர் வாங்கினார். எல்லோருக்கும் அவரைப் பிடித்தது. 1958-இல் குட்டு வெளிப்பட்டது. அப்படி ஒரு ஆளே கிடையாது. டெர்ரி கார் முதலிய சில வெள்ளைக்கார வாலிபர்கள் சேர்ந்து கற்பித்த பெயர் அது! எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், ஒரு கறுப்பு மனிதர் நம்மோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு, நிஜமாகவே கறுப்பு மனிதர்கள் நம்மிடம் ஏன் இவ்வளவு சொற்பமாக இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! வெகுகாலம் கழித்து, 1999-இல், நிறபேதத்தால் ஒதுங்கி நின்றவர்களுக்காக அந்த இல்லாத மனிதருடைய பெயராலேயே ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். கதவைச் சாத்தாமல் இருந்தால் மட்டும் போதாது, வெளியே நிற்கிறவர் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ருசு தேவையில்லை.

ஆகவே வாலிபத் தோழர்களே! உங்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைத் தினம் கேட்டுக் கொள்ளுங்கள். ஒன்று, நமது பிரியம் மனிதர்களைச் சேர்க்கிறதா, அல்லது ஒரு மனிதரைக் கடவுளாக்கிப் பாலூற்றச் சொல்லுகிறதா? இரண்டு, நமது கூட்டத்தில் எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் இல்லை? ஏன் இல்லை? மூன்று, நேற்றுவரை தினம் பேசிக் கொண்டிருந்தவர் இன்று ஏன் பேசவில்லை? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டவர்கள்தான் அன்று சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினார்கள்.

பெரியவர்களுக்கும், நம்மைப் போன்ற பிரசாரகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதி கூடாது என்று நாம் ஆயிரம் மேடையில் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜாதிக்காரன் எதனால் பலமாயிருக்கிறான்? சாவென்றாலும் நோயென்றாலும் முதலில் வந்து நிற்கிறவன் அவனாக இருப்பதால்தான். அவன் வந்து நிற்பதற்குக் காரணம் அவனுக்கு முன்னமே சேதி தெரிவதுதான். அதை விட்டு வெளியே வா என்று ஒரு வாலிபரை அழைக்கிற நாம், அவர் வந்த பிறகு அவர் வீட்டுச் சேதியை ஒருநாளும் விசாரிக்காவிட்டால், அவரை நடுத்தெருவில் நிறுத்தியவர்களாவோம். அப்புறம் அவர் பழைய திண்ணைக்கே திரும்பிப் போனால் குற்றம் யாருடையது?

அந்த வாலிபர் இன்றும் நமது கூட்டங்களுக்கு வருகிறார். இப்போதும் அவர்தான் பெஞ்சு போடுகிறார். ஆனால் மறுமுனையை நாம் பிடித்துக் கொள்ளுகிறோம். பெஞ்சு தூக்கும்போது பெரிய விஷயம் எதுவும் பேசுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். அவரும் நமக்குப் பல்வலி தேவலையா என்று கேட்கிறார். இன்றைய கூட்டம் முடிந்ததும் நீங்களும் உடனே எழுந்து போய்விடாமல், பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு வார்த்தை வெட்டிப் பேச்சுப் பேசிவிட்டுப் போக வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.